இணைய விற்பனையில் போட்டியாளர் பெயர்: வணிகச் சின்னத் தகராறுகள்

இணையச் சந்தையில் விற்பவர் தன் சரக்கின் தலைப்பிலோ, விவரத்திலோ, வாங்குபவர் கண்ணில் படாத தேடல் சொற்களிலோ வேறொரு நிறுவனத்தின் பெயரைச் சேர்க்கும்போது வணிகச் சின்னத் தகராறு எழுகிறது. இந்தியாவில் இவற்றை முடிவு செய்வது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15இல். ஒரே பொருளின் பக்கத்தில் பத்துப் பேர் கடை விரிக்கும் இன்றைய இணையச் சந்தையை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பார்த்திருக்கவில்லை. ஆகவே கடைத் தெருவையும் செய்தித்தாள் விளம்பரத்தையும் மனத்தில் வைத்து எழுதிய பிரிவுகளையே நீதிமன்றங்கள் இணையத்துக்கும் பொருத்திப் பார்க்கின்றன.

அடுத்தவர் பெயரைச் சொல்வதே குற்றம் என்ற எண்ணம் வியாபாரிகளிடம் பரவலாக உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உதிரி பாகமோ துணைப் பொருளோ விற்பவர், அது எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று சொல்லியாக வேண்டும். அந்தத் தேவை நியாயமானதாக இருந்து, சரக்கு யாருடையது என்பதில் குழப்பமும் வராவிட்டால், 30(2)(ஈ) பிரிவு அதை அனுமதிக்கிறது. மும்பை தாராவியில் தைத்த தோல் உறையை ‘மேக்புக்கில் பொருந்தும்’ என்று விற்பது இந்த வகை. அளவைச் சொல்ல அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதே உறையின் தலைப்பு ‘ஆப்பிள் மேக்புக் லெதர் உறை’ என்று தொடங்கி, தைத்தவர் பெயர் எங்கும் இல்லாவிட்டால், வாங்குபவர் அதை ஆப்பிள் நிறுவனத்தின் சரக்காகவே எடுத்துக்கொள்வார். இரண்டு தலைப்புக்கும் வேறுபாடு ஓரிரு சொல்தான். வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ள இணையத்துக்கு வெளியே எழுந்த ஒரு வழக்கே இன்றும் நல்ல வழிகாட்டி. மும்பையைச் சேர்ந்த ஹாக்கின்ஸ் குக்கர்ஸ் நிறுவனம், முருகன் என்டர்பிரைசஸ் மீது தொடுத்த அந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2008இல் தீர்ப்பளித்தது. சண்டை குக்கர் மூடியில் போடும் ரப்பர் வளையத்தைப் பற்றியது. உறையில் தன் சொந்தப் பெயரை அச்சிட்டிருந்த முருகன் என்டர்பிரைசஸ், ஹாக்கின்ஸ் குக்கருக்கு ஏற்றது என்றும் சேர்த்திருந்தது. அந்த வரியில் ஹாக்கின்ஸ் என்ற பெயர் மட்டும் சிவப்பு, மற்றவை கறுப்பு. தனி நீதிபதி இதில் தவறு காணவில்லை. மேல்முறையீட்டில் அமர்வு வேறு விதமாகப் பார்த்தது. அந்த வளையம் ஒரே ஒரு நிறுவனத்தின் குக்கருக்காகச் செய்யப்பட்டதல்ல, அப்படியிருக்க ஒரு பெயரை மட்டும் எடுத்துச் சொல்ல என்ன தேவை என்று கேட்டு, ஹாக்கின்ஸ் கோரிய தடையை வழங்கியது. பெயர் தேவைப்பட்டதா, தேவைப்பட்ட அளவுக்குத்தான் காட்டப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளையும் இன்று இணையச் சந்தையின் பொருள் பக்கமான லிஸ்டிங்கின் தலைப்புக்கும் படத்துக்கும் அப்படியே கேட்கலாம். தலைப்பின் முதல் சொல்லாகப் போட்டியாளர் பெயரை வைப்பது, அந்தச் சிவப்பு மைக்குச் சமம்.

ஐரோப்பாவில் விடை சற்றுத் தாராளமானது. ஜில்லெட் கைப்பிடியில் பொருந்தும் என்று சொல்லி வேறொரு நிறுவனம் சவர பிளேடு விற்ற வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2005இல் பொருத்தத்தைத் தெரிவிக்கப் பெயரைச் சொல்லலாம் என்றது. நேர்மையான வணிக வழக்கத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

ஒப்பிட்டுச் சொல்வது இன்னொரு வகை. என் பொருள் அவருடையதைவிட மேல் என்று பெருமை பேச இந்தியச் சட்டத்தில் இடமுண்டு, அவருடையது மட்டம் என்று பழிக்க இடமில்லை. உஜாலா சொட்டு நீலத்துக்கு எதிராக ராபின் புளூ நிறுவனத்தார் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கு, 1990களின் இறுதியில் இந்த வரம்பைத் தெளிவாக்கியது. 29(8) பிரிவு இன்னொரு வரம்பையும் வைக்கிறது: விளம்பரம் அடுத்தவர் சின்னத்தால் முறையற்ற ஆதாயம் அடையக்கூடாது, அதன் மதிப்பைக் கெடுக்கவும் கூடாது. புகழ்பெற்ற வாசனைத் திரவியங்களின் பெயரைச் சொல்லி ‘அதே மணம்’ என்று விற்கும் லிஸ்டிங்குகள் இங்கேதான் சிக்குகின்றன. ஒரே கேள்விக்கு உலகம் இரண்டு விடை சொல்லியிருக்கிறது. 1968இல் ஷனேல் நிறுவனம் தோற்ற வழக்கில், உண்மையாக இருந்தால் அப்படி ஒப்பிடலாம் என்றது அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம். மணம் ஒத்த மலிவுத் திரவியங்களின் ஒப்பீட்டுப் பட்டியலைப் பற்றி லோரியால் தொடுத்த வழக்கில், 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை அடுத்தவர் புகழில் சவாரி செய்வதாகக் கண்டது. இந்தியப் பிரிவின் வாசகம் பிரிட்டனின் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது என்பதால், இங்குள்ள விற்பனையாளர் அமெரிக்கத் தீர்ப்பை நம்பி இறங்குவது ஆபத்து.

பெயரை வெளியே காட்டாமல் தேடலில் மட்டும் பயன்படுத்துவதுதான் மிகவும் சிக்கலானது. ஷாதி.காம் நடத்தும் மும்பை நிறுவனமான பீப்பிள் இன்டராக்டிவ் இதில் இரு பக்கத்தையும் பார்த்திருக்கிறது. வேறொரு திருமணத் தளம் தன் பக்கக் குறியீட்டுக்குள் ஷாதி.காம் பெயரை ஒளித்து வைத்து வருகையாளர்களை இழுத்ததாக 2014இல் அது பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை பெற்றது. 2016இல் செகண்ட்ஷாதி.காம் மீது தொடுத்த வழக்கில் தடை கிடைக்கவில்லை. திருமணத்தைக் குறிக்கும் ‘ஷாதி’ என்ற அன்றாடச் சொல்லை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. இரண்டையும் விசாரித்தவர் நீதிபதி ஜி. எஸ். படேல். சென்னையில் 2010இல் பாரத்மேட்ரிமோனி தரப்பு, கூகுளும் ஷாதி.காம் உள்ளிட்ட போட்டியாளர்களும் எதிர்த்தரப்பாக நின்ற வழக்கிலும் இதே சிக்கலில் மாட்டியது: ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ என்ற சொற்களைத் தேடலில் பிறர் பயன்படுத்தாமல் தடுப்பது எளிதாக இல்லை.

அகர்வால் பேக்கர்ஸ் பெயரைக் கூகுள் விளம்பரத் தேடல் சொல்லாக விற்றது பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2023 ஆகஸ்ட் 10இல் அளித்த தீர்ப்பு, இப்போதைக்கு இந்தத் துறையின் நடு வழி. தேடல் சொல்லாகப் பயன்படுத்துவதும் சின்னத்தைப் பயன்படுத்துவதுதான், ஆனால் அது மட்டுமே மீறலாகிவிடாது. வாங்குபவர் குழம்பினாரா, சின்னத்தால் முறையற்ற ஆதாயம் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். மீறல் உறுதியானால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இடைநிலைத் தளங்களுக்குத் தரும் பாதுகாப்பைக் கூகுள் கோர முடியாது.

இணையச் சந்தைகளுக்கே உரிய ஒரு தந்திரமும் உண்டு. ஒருவர் உழைத்து உருவாக்கிய லிஸ்டிங்கில் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு, அதே பெயரிலும் படத்திலும் தன் சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளுவார். ஃபிளிப்கார்ட்டில் நடந்த இத்தகைய ஒட்டுதலை 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் கண்டித்து, உரிமையாளரின் அனுமதியின்றி அதற்கு வசதி செய்து தரக்கூடாது என்றது. சிறு உற்பத்தியாளர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. தாராவியின் தோல் பட்டறைக்காரரும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டிலிருந்தே பொடியும் வடாமும் விற்பவரும் தம் பெயரைப் பதிவு செய்திருந்தால் அதன் பலனைப் பெறலாம். வணிகச் சின்னப் பதிவகத்தின் தலைமையகம் அவர்களுக்கு அருகிலேயே, ஆன்டாப் ஹில்லில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையத்தில் தாக்கல் செய்தால் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். தோல் பை 18ஆம் வகுப்பு, உடையும் செருப்பும் 25ஆம் வகுப்பு. பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

நடைமுறையில் பெரும்பாலான தகராறுகள் நீதிமன்றத்தை எட்டுவதே இல்லை. பெரிய நிறுவனம் ஒரு புகார் அனுப்புகிறது, தளம் லிஸ்டிங்கை இறக்கிவிடுகிறது, பண்டிகைக் காலச் சரக்கு கிடங்கில் தங்கிவிடுகிறது. ‘பொருந்தும்’ என்று சரியாக எழுதியவரும் இதற்குத் தப்புவதில்லை. இது சட்டம் தந்த உரிமையை நடைமுறை பறிப்பது. ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக 142ஆம் பிரிவில் வழக்குத் தொடுத்து, மீறல் இல்லை என்ற அறிவிப்பும் தடையும் இழப்பீடும் கேட்கலாம். ஆனால் பதிவு பெற்ற உரிமையாளர் தாமதிக்காமல் மீறல் வழக்குத் தொடுத்து நடத்தினால் அந்த வழி அடைபடும். பிறகு தன் லிஸ்டிங் நேர்மையானது என்பதை விற்பனையாளர் அந்த மீறல் வழக்கிலேயே எதிர்வாதமாக வைத்து நிறுவ வேண்டும்.