மன்னனுக்கு வாதாடிய மனிதர்

முடியாட்சியை மண்ணில் சாய்த்த பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றைப் படிக்கும் இளைஞர், மன்னன் பக்கம் நின்றவரெல்லாம் மக்களின் பகைவர் என்று எளிதில் முடிவுகட்டி விடுவர். மல்செர்ப் என்ற நீதிபதியின் வாழ்வு அம்முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது.

1721இல் பாரிசில், நீதிபதிகள் குடும்பத்தில் பிறந்தார். 1750இல் வரி வழக்குகளை விசாரிக்கும் உயர்மன்றத்தின் தலைவரானார். அதே ஆண்டில் நூல் தணிக்கைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஏட்டை ஒடுக்குவதற்கென்றே ஏற்பட்ட பதவி! அதில் அமர்ந்தவரோ அறிவுக்கு அரணானார். தீதரோ பதிப்பித்த கலைக்களஞ்சியம் மதபீடத்தை மருளச் செய்தது. 1752இல் முதலிரு தொகுதிகளுக்குத் தடை விழுந்தது. கையெழுத்துப் படிகளைப் பறிமுதல் செய்ய வேண்டிய மல்செர்ப், முன்னதாகவே தீதரோவை எச்சரித்து, அவற்றைத் தம் இல்லத்திலேயே மறைத்து வைத்தார் என்று தீதரோவின் மகள் எழுதியுள்ளார்.

1771இல் அரசன் உயர்மன்றங்களை ஒடுக்கியபோது, நாட்டு மக்களைக் கலந்தாலோசியுங்கள் என்று அரசனுக்கே எழுதினார். கிடைத்த பரிசு, தம் சொந்தக் கிராமத்தில் ஒதுங்கி வாழும் தண்டனை!

கத்தோலிக்கக் குருவின் ஆசியின்றி நடந்த புராட்டஸ்டண்டுகளின் மணம் அன்று செல்லாது. பிறந்த குழந்தைக்கோ இழிபெயர். அக்கொடுமையை எதிர்த்து ஆய்வுரைகள் எழுதினார். 1787இல் வந்த ஆணை, அரசு நீதிபதி முன்னிலையில் மணம் பதிய வழிதிறந்தது.

பின்னர் புரட்சி வென்றது. 1792 டிசம்பரில் பதினாறாம் லூயி குற்றவாளிக் கூண்டில் நின்றான். விசாரணையே வேண்டாம், மன்னன் சாகவேண்டும் என்றார் ரொபெஸ்பியர். வாதாட வாருங்கள் என்று மன்னன் அழைத்தவர்களில் ஒருவர் மறுத்தார். 71 வயது மல்செர்ப், அழைப்பில்லாமலே முன்வந்தார். வழக்குத் தோற்றது; 1793 ஜனவரி 21இல் மன்னன் தலை வீழ்ந்தது.

1794 ஏப்ரல் 22. மகள், பேத்தி, பேத்தியின் கணவன் ஆகியோருடன் மல்செர்பும் கொலைக்களம் ஏறினார்.

தோழர்களே, அதன் பின் நடந்ததைக் கேளுங்கள்! சரியாக ஏழு வாரங்களில், ஜூன் 10இல், குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு வழக்கறிஞரே இல்லை என்று சட்டம் வந்தது. ஜூலை 28இல், அச்சட்டத்தின் பின்னணியில் நின்ற ரொபெஸ்பியரே, விசாரணையின்றிக் கில்லட்டினுக்கு இரையானார்.

மல்செர்பின் மன்னர் பற்று நமக்கு உடன்பாடன்று. ஆனால் எழுத்தாளனுக்கும், சிறுபான்மையினருக்கும், வீழ்ந்த வேந்தனுக்கும் அவர் கேட்டது ஒன்றே: தீர்ப்புக்கு முன் அவன் சொல்லையும் கேளுங்கள். பகைவனுக்கு மறுத்த அந்த உரிமை, புரட்சியாளனுக்குத் தேவைப்பட்ட நாளில் அவனுக்கும் இல்லாமற் போயிற்று.