துடிக்கும் இதயத்தைப் படம் பிடித்த கணக்கு

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் ஒரு தொழிலாளிக்குப் படியேறும்போது நெஞ்சு இறுக்குகிறது; உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும்போது அவர் இதயத்துக்கு ரத்தம் போதும். உழைக்கும்போதுதான் போதாமல் போகிறது. இந்தக் குறையை வெளியிலிருந்தே பார்க்க உதவும் கருவிகளில் ஒன்று சி.டி. ஸ்கேன். அதன் வரலாற்றில் ஒரு தமிழ்நாட்டு அத்தியாயம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கியவர் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் ஆயின. தலையை அசையாமல் வைக்கலாம். இதயத்தை என்ன செய்வது? ஐந்து நிமிடத்தில் அது 350 முறை துடித்துவிடும்!

அதே 1971ல் ஜி.என்.ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பைக் கண்டறிந்தவர். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றவர். அந்த இரு ஊர்களுக்கும் நடுவில்தான் கிருஷ்ணகிரியும் ஓசூரும் இருக்கின்றன.

அவர்கள் தீர்த்த சிக்கல் என்ன? ஒரு அட்டவணையில் கட்டங்கள் அழிந்துவிட்டன. நேராகவும் குறுக்காகவும் சாய்வாகவும் போட்ட கூட்டுத்தொகைகள் மட்டும் இருக்கின்றன. அதை வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களும் இப்படித்தான். இது முடியும் என்று 1917லேயே யோஹான் ராடான் நிறுவியிருந்தார். ஆனால் ஃபூரியர் முறையில் கணக்குப் போட கணினிக்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு நிழலையும் முதலில் திருத்தி, பிறகு வந்த வழியே திருப்பிப் பரப்பிக் கூட்டினால் போதும் என்று இவர்கள் காட்டினார்கள். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967ல் இதே போன்ற வழியைக் கண்டிருந்தனர். சி.டி. உலகில் இது 'ராம்-லாக்' வடிகட்டி என்றே பெயர் பெற்றது. பல பத்தாண்டுகள் சி.டி. கருவிகள் பெரும்பாலும் இவ்வகைக் கணக்கிலேயே ஓடின.

கணக்கு வேகமானது, கருவியும் வேகமாக வேண்டுமே! 1980களில் எலக்ட்ரான் கற்றை ஸ்கேனர் வந்தது. 2004ல் 64 ஸ்லைஸ் கருவிகள், 2007ல் ஒரே துடிப்பில் முழு இதயத்தையும் பிடிக்கும் 320 வரிசைக் கருவி. ஈ.சி.ஜி.யோடு இணைத்து, துடிப்பின் எந்தக் கட்டத்தையும் தனியாக எடுக்க முடிந்தது.

இன்று அயோடின் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி, அடினோசின் கொடுத்து இதயத்தின் ரத்தக் குழாய்களை விரியவைத்துப் படம் எடுக்கிறார்கள். ரத்தம் குறைவாகப் போகும் தசை கருமையாகத் தெரியும். சுவரின் எந்தப் பகுதி சரியாகச் சுருங்கவில்லை என்பதையும் காணலாம். கதிர்வீச்சு உண்டு என்பதால் தேவைப்படுவோருக்கு மட்டுமே இந்தச் சோதனை.

1979ல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் கிடைத்தது. ராமச்சந்திரன் நோபல் பெறாமலே 2001ல் சென்னையில் காலமானார். ஆனாலும் மாரடைப்பு வருமுன் ஒருவர் எச்சரிக்கப்பட்டால், அதில் அந்தச் சிறு கட்டுரைக்கும் பங்கு உண்டு.