காந்தாரம் ஒரு மெட்டு இறங்கினால்

கித்தாரில் 'ஈ மேஜர்' பிடிக்க மூன்று விரல் போதும். நடுவிரலும் மோதிர விரலும் ஐந்தாம், நான்காம் தந்திகளின் இரண்டாம் மெட்டில் உட்காரும். ஆள்காட்டி விரல் மூன்றாம் தந்தியின் முதல் மெட்டில். ஆறு தந்திகளையும் ஒருமுறை மீட்டிவிட்டு, ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி மறுபடி மீட்டினால் முகம் மலர்ந்திருந்தவர் சட்டென்று யோசனையில் ஆழ்ந்ததுபோல் ஒலி மாறும். அதுதான் 'ஈ மைனர்'. புதிதாகக் கித்தார் எடுத்த எவரும் முதல் வாரத்திலேயே இந்த மாற்றத்தைக் கேட்டுவிடலாம்.

நம் இசையின் மொழியில் சொன்னால் நடந்தது மிகச் சிறிய காரியம். சட்ஜமும் பஞ்சமமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தர காந்தாரம் ஒரு மெட்டு இறங்கிச் சாதாரண காந்தாரமாகிவிட்டது, அவ்வளவே. வீணையில் மெட்டு என்று சொல்வதைத்தான் கித்தார்க்காரர்கள் ஃபிரெட் என்கிறார்கள். இரண்டிலும் ஒரு மெட்டு என்பது அரைச்சுர இடைவெளிதான். மேஜர், மைனர் என்று இசைக் கூடங்களில் பயமுறுத்தும் இரு சொற்களின் முழு வேறுபாடும் அந்த ஒரு காந்தாரத்தில் அடங்கியிருக்கிறது.

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளர்ந்த தமிழர்களுக்குச் சட்ஜமும் காந்தாரமும் பஞ்சமமும் புதியவை அல்ல. அவற்றை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் சுரக்கூட்டுதான், அதாவது கார்ட்தான் புதிது. கோயில் மண்டபத்தில் நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஒலிக்கும். கச்சேரியில் தம்புரா சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் மீட்டிக்கொண்டிருக்கும். ராகம் அந்தத் தரையின்மேல் ஒற்றைக் கோடாக நடக்கும். ராக் இசைக்காரர்கள் 'பவர் கார்ட்' என்று சொல்லி மேடை அதிர வாசிப்பதும் இதே சட்ஜ பஞ்சமந்தான். காந்தாரம் இல்லாததால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. ஆனால் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்கும். சட்ஜத் தந்தியின் மேல்சுரங்களில் ஒன்று அது. நம்மவர்கள் அதை ஸ்வயம்பூ காந்தாரம் என்பார்கள். மேஜர் கார்டின் விதை தம்புராவுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பது எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத செய்தி.

பிறகு இந்தக் கார்ட் எங்கிருந்து வந்தது? பார்சலோனாவில் 1596-இல் ஹுவான் கார்லோஸ் அமாட் என்ற மருத்துவர் ஸ்பானியக் கித்தாருக்கு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அன்றைய கித்தாருக்கு ஐந்து வரிசைத் தந்திகள். பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர், ஆக இருபத்து நான்கு சுரக்கூட்டுகளை எண்ணிட்டு, ஒரு வட்டத்துக்குள் வரிசைப்படுத்திக் கொடுத்தார். இவற்றைப் பிடிக்கத் தெரிந்தால் எந்தப் பாட்டுக்கும் துணை வாசிக்கலாம் என்பது அவர் கொள்கை. சுர எழுத்து படிக்கத் தெரியாதவருக்கும் கித்தார் வசப்பட்டது அதனால்தான். அதற்கு அடுத்த நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி அதே பன்னிரண்டு சுரத்தானங்களை வைத்து எழுபத்திரண்டு மேளங்களைக் கணக்கிட்டார். பன்னிரண்டை ஒருவர் அடுக்கிப் பார்த்தார், மற்றவர் கோத்துப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. அவர்களுடைய இரண்டு கணக்குகளும் முந்நூறு, நானூறு ஆண்டுகள் கழித்து மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளின் இடக்கை விரல்களில் சந்தித்துக்கொண்டன.

மலாய் மண்ணுக்குத் தந்திக் கருவிகளின் இந்த மரபைக் கொண்டுவந்தவர்களில் போர்த்துக்கீசியர் முக்கியமானவர்கள். 1511-இல் மலாக்கா அவர்கள் கைக்குப் போனது. அவர்களுடைய சிறிய கித்தார் வகைகளிலிருந்து குரோஞ்சோங் என்ற இசை இந்தத் தீவுக்கடல் முழுக்கப் பரவியது. குரோஞ்சோங் என்ற சொல்லே அந்தக் குட்டிக் கருவி எழுப்பும் 'குரோங், சோங்' ஒலியிலிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். ஜொகூரின் கஸல் இசையிலோ ஆர்மோனியமும் தபலாவும் காம்புஸும் கித்தாரும் ஒரே பாயில் உட்கார்ந்தன. இந்தியக் கருவிகளும் கித்தாரும் இந்த மண்ணில் அறிமுகமாகி வெகுகாலம் ஆகிறது.

பிரிக்பீல்ட்ஸின் பெயரே அதன் வரலாறு. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தபின், மரமும் அத்தாப்பும் போதாது, செங்கல்லால் கட்டுங்கள் என்று ஆங்கிலேய ஆட்சி ஆணையிட்டது. களிமண் எடுத்துச் சூளை போட்ட இடம் இது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போட்டவர்களிலும் நிலையங்களைப் பராமரித்தவர்களிலும் தமிழ்நாட்டுத் தமிழர் ஏராளம்; எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தார்கள். ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. கூடவே கந்தசுவாமி கோயிலும், விவேகானந்தர் ஆசிரமமும், தமிழ் லுத்தரன் சபையின் சீயோன் ஆலயமும், கத்தோலிக்க ஆலயங்களும் நடை தூரத்துக்குள் வந்துவிட்டன. இவ்வளவு நெருக்கத்தில் இத்தனை வழிபாட்டு இசைகள் ஒலித்த வட்டாரம் நாட்டிலேயே குறைவு.

ஆலயப் பாடல்களில்தான் பல தமிழ் வீடுகள் சுரக்கூட்டை முதலில் கேட்டன. கீர்த்தனைகள் ராகத்தில் போகும். ஞானப்பாட்டுகளோ நான்கு குரல்களில் அடுக்காக நிற்கும். கத்தோலிக்கர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. அதன்பின் பூசை மக்கள் மொழிக்கு மாறியபோது உலகெங்கும் இளைஞர் குழுக்கள் கித்தாரோடு பீடத்தருகே வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகள் பழகியவனுக்குத் திங்கட்கிழமை வேறு பாட்டு வாசிக்கத் தடையில்லை.

அந்த மூன்றைப் பற்றி ஒரு சொல். ஒரு மேஜர் சுதியின் சட்ஜம், மத்யமம், பஞ்சமம் ஆகிய மூன்று சுரங்களின்மேல் ஆளுக்கொரு மேஜர் கார்ட் கட்டினால், சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் அவற்றுக்குள் வந்துவிடும். ஜி-யை சட்ஜமாகக் கொண்டால் சி மத்யமம், டி பஞ்சமம். மூன்று கார்டில் நூற்றுக்கணக்கான பாட்டு வாசிக்க முடிவதன் ரகசியம் இந்தக் கணக்குத்தான். ஈ மைனரையும் ஏ மைனரையும் சேர்த்துக்கொண்டால் பாதி உலகம் கைக்குள் வந்துவிடும். தொடக்கப் பாடங்கள் எல்லாம் இந்த ஐந்தையே சுற்றிவருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இவற்றில் சில தந்திகளை விரலே படாமல் சும்மா விடலாம். எஃப் வரும்போதுதான் சோதனை. ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் குறுக்கே அழுத்த வேண்டும். கித்தார் சுவரில் தொங்கப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்தார்கள். மலாயா முழுக்க மின்கித்தார் ஆசை பற்றிக்கொண்டது. ஷேடோஸின் 1960-ஆம் ஆண்டு 'அப்பாச்சி' இசைத்தட்டை ஊசி தேயும்வரை போட்டுப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகத் தேடிப் பிடித்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பீட்டில்ஸின் 'யெ யெ' கூச்சல் வந்து சேர்ந்ததும் மலாய்ப் பாட்டுக்கு 'பாப் யே யே' என்ற பெயரே நிலைத்தது. அந்தக் குழுக்களுக்குக் கூகிரான் என்று பெயர்: 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம், துள்ளலான கித்தார்க் குழு என்று பொருள். பாடகர் ஒருவர், பாட்டின் மெட்டை வாசிக்கும் லீட் கித்தார், பாஸ், டிரம்ஸ், இவற்றோடு ரிதம் கித்தார். கார்ட் பிடிப்பது இந்த ரிதம் கித்தார்க்காரரின் வேலை. புகைப்படத்தில் ஓரமாக நிற்பவர் அவர். ஆனால் அவர் கை தடுமாறினால் பாட்டே தடுமாறும்.

கித்தார் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்கள் அன்று மிகக் குறைவு. சீனத்திலிருந்து வந்த மலிவான 'காபோக்' கித்தாரின் பெயரே மலாய்ப் பேச்சில் மரக்கித்தாருக்குப் பொதுப்பெயராகிவிட்டது. மாலையில் படிக்கட்டில், அடுக்குமாடிக்குக் கீழே, உணவுக்கடைக்குப் பக்கத்தில் லெப்பாக் அடிக்கும் கூட்டத்தில் ஒரு காபோக் இருக்கும். மலாய்ப் பையன் காட்டிய 'கோட்'டை, அதாவது கார்டை, தமிழ்ப் பையன் பிடிப்பான். அவன் அதைச் சீன நண்பனுக்குக் காட்டுவான். பாட்டுப் புத்தகத்தில் வரிகளுக்கு மேல் அச்சிட்ட ஏ.எம், ஜி, எஃப் என்ற எழுத்துகளுக்கு மொழி கிடையாது. இந்த நாட்டில் மூன்று இனத்தாரும் சண்டையில்லாமல் ஒரே மாதிரி வாசித்த எழுத்துகள் அவை என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கலப்பின் உச்சம் அல்லிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற பினாங்குச் சகோதரர்கள் 1960-களின் இறுதியில் தொடங்கிய குழு அது. ஹாங்காங்கில் சில காலம் வாசித்துவிட்டு வந்து, சுருண்டு உயர்ந்த முடியோடு மலாய்ப் பாட்டு பாடினார்கள். 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புயிசி' போன்ற பாடல்கள் இன்றும் மலாய்க் கல்யாண வீடுகளில் ஒலிக்கின்றன. அவர்கள் பாட்டில் கவனிக்க வேண்டியது கூட்டுக்குரல். ஒருவர் சட்ஜம் பிடித்தால் இன்னொருவர் காந்தாரத்தில், மற்றொருவர் பஞ்சமத்தில் நிற்பார்கள்; கித்தார் செய்வதைத் தொண்டைகள் செய்யும். லோகநாதன் 2007-இல் காலமானபோது அழுதவர்களில் தமிழரைவிட மலாய்க்காரர்களே அதிகம் இருந்திருப்பார்கள்.

தமிழ்ப் பாட்டையே கார்டுகளின்மேல் கட்டியவர்கள் இன்னொரு திசையிலிருந்து வந்தார்கள். 1960-களின் இறுதியில் இலங்கையில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' தமிழ் கேட்ட இடமெல்லாம் போனது. போர்த்துக்கீசியர் வழிவந்த பைலாத் தாளம், இரண்டு மூன்று கார்ட், கைதட்டல், போதும். யாழ்ப்பாண வேர் உள்ள பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்களுக்கு அந்தப் பேச்சு வழக்கு வீட்டு வழக்கு. விழா வீடுகளில் யாரும் கற்றுக்கொடுக்காமலே எல்லாரும் சேர்ந்து பாட முடிந்ததற்குக் காரணம் அந்தப் பாடல்களின் எளிய அடித்தளம்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர், இசையமைப்பாளர் ஆவதற்கு முன் ஒலிப்பதிவுக் கூடங்களில் கித்தார் வாசித்தவர். அவர் கையில் கார்ட் பாட்டுக்கு முட்டுக்கொடுக்கும் கம்பாக நிற்காமல், பாட்டோடு கூட நடந்தது. 1980-இல் 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் கித்தாரோடு 'என் இனிய பொன் நிலாவே' பாடும் காட்சியையும், 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வில் ஆர். சந்திரசேகர் வாசித்த கித்தாரையும் ஒலிநாடாவில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பழகாத மலேசியத் தமிழ்க் கித்தார்க்காரர் அரிது. தந்திகளை மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொன்றாகக் கிள்ளி, அதே கார்டை உதிர்த்துக் காட்டும் முறையை 'இளைய நிலா'தான் பலருக்கும் கற்றுக்கொடுத்தது. மலாய்ப் பாட்டில் பழகிய விரல் இப்போது தாய்மொழிப் பாட்டுக்குத் திரும்பியது.

திரும்பியபோது மூன்று கார்ட் போதவில்லை. மேஜர் கார்டோடு கைசிகி நிஷாதம் சேர்ந்தால் செவன்த். அது ஓரிடத்தில் நிற்காது, அடுத்த கார்டுக்குப் போகத் துடிக்கும். காகலி நிஷாதம் சேர்ந்தால் மேஜர் செவன்த், மழை விட்ட மாலை மாதிரி மெல்லியது. காந்தாரத்தை எடுத்துவிட்டுச் சுத்த மத்யமத்தை வைத்தால் சஸ் ஃபோர். டி கார்டில் சுண்டுவிரலை முதல் தந்தியின் மூன்றாம் மெட்டில் வைத்து எடுத்தால் அந்தத் தொங்கலும் தீர்வும் உடனே கேட்கும். மைனர் கார்டின் பஞ்சமத்தைப் பிரதி மத்யமமாக இறக்கினால் டிமினிஷ்ட், பேய்ப்படக் கதவு திறக்கும் ஒலி. மேஜர் கார்டின் பஞ்சமத்தைச் சுத்த தைவதமாக ஏற்றினால் ஆக்மென்டட், கனவுக்குள் நுழையும் ஒலி. வகைகள் இவ்வளவுதான், மற்றவை இவற்றின் பிள்ளைகள்.

ஒரு சிக்கல் தீராமலே இருக்கிறது. தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருப்பது; கார்டின் காந்தாரமோ மெட்டில் ஆணியடித்தது போல் நிற்பது. இரண்டையும் சேர்த்து ஒலித்தால் ஒன்றையொன்று உரசும். கமகம் நிறைந்த இடத்தில் காந்தாரமில்லாத கார்டைப் பிடித்து ஒதுங்கிக்கொள்வது அனுபவசாலிகளின் வழி. தம்புரா அன்றே சொல்லிவைத்த வழி அது.

பிரிக்பீல்ட்ஸில் 1951-இல் உருவான மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அதனால் பார்வையற்ற கலைஞர்கள் நடைபாதைகளில் வாசிப்பது இந்த வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. அவர்களுக்குப் புள்ளி வைத்த கார்ட் படம் பயன்படாது. கற்றுக்கொடுப்பவர் மாணவரின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தந்தியின்மேல் வைக்கிறார். நடுவிரல், மோதிர விரல், கடைசியாக ஆள்காட்டி விரல். மீட்டச் சொல்கிறார். பிறகு ஆள்காட்டி விரலை மெல்லத் தூக்கிவிட்டு, இன்னொரு முறை மீட்டச் சொல்கிறார்.