நாய்க்குட்டிக்கு டைம்டேபிள் வேண்டுமா? வரலாறு என்ன சொல்கிறது?

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் ஒரு வழக்கைக் கொண்டு வந்திருக்கிறார். அவருடைய அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல்லில் தனியாக இருக்கிறார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டு மாதக் கன்னி நாய்க்குட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்பா செல்போனில் அலாரம் வைத்து, காலை 6 மணிக்கு வெளியே, 6.15க்குப் பால், 7 மணிக்கு நடை என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். அம்மாவோ, "எங்க அப்பா வீட்டுல நாய் வளர்த்தோம், அதுக்கு யாரு டைம்டேபிள் போட்டா? அதுபாட்டுக்கு வளந்துச்சு" என்கிறார். "சார், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்றார் மாணவர். நான் கால்நடை மருத்துவன் இல்லை, வரலாறு நடத்தியவன். அதனால் வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

முதலில் அம்மாவின் கட்சி. நம் திண்டுக்கல் சமவெளியில் கடிகாரம் என்பதே அண்மைக்கால விருந்தாளி. நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அதையும் சூரியனையும் நிழலையும் பார்த்துத்தான் பெரும்பாலும் சொன்னார்கள். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குத் திண்டுக்கல் வழியாக ரயில் ஓடத் தொடங்கியபோதுதான் நிமிடக் கணக்கு ஊருக்குள் வந்தது. அந்த ரயிலும் ஓடியது 'மதராஸ் நேரத்தில்'. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தை ஒட்டிக் கணக்கிட்ட நேரம் அது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் அறிவிக்கப்பட்டது. அது மதராஸ் நேரத்தைவிடச் சுமார் 9 நிமிடம் முந்தியது. அன்றைக்கு நம் ஊர் நாய்கள் எதுவும் 9 நிமிடம் முன்னால் எழுந்திருக்காது என்று நம்பலாம்!

ஆனால் அந்த நாய்களுக்கு ஒழுங்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். விடியுமுன் வாசல் தெளிப்பார்கள், பால் கறப்பார்கள். மாடு மேயப் போகும், நாயும் பின்னால் போகும். உச்சி வெயிலில் புளியமரத்தடி. பொழுது சாய மாடு திரும்பும், நாயும் திரும்பும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சக் கஞ்சி அதன் சட்டியில் விழும். இரவு களத்தில் காவல். யாரும் அதற்கென்று அட்டவணை போடவில்லை. வீட்டின் அட்டவணையே அதன் அட்டவணையாக இருந்தது.

இதற்குக் கல்லில் ஒரு சாட்சி இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்து அது காவல் நின்ற செய்தி வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்த ஊர் நம் ஊர்! ஒரு காவல் நாய்க்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எருமை எப்போது கிளம்பும், யார் ஓட்டுவார், எந்த வழியாகத் திரும்பும் என்பது அதற்கு அத்துபடியாக இருக்க வேண்டும். வழக்கம் தெரிந்த நாய்க்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். அன்றாட ஒழுங்குதான் காவலுக்கு அடிப்படை.

ஆகவே அம்மா சொல்வது பாதி சரி. மீதிப் பாதி எங்கே இடிக்கிறது? அவர் பிறந்த வீட்டில் மாடு இருந்தது, வயல் இருந்தது, பத்துப் பேர் இருந்தார்கள். இப்போது இருப்பது ஒரு காம்பவுண்டு வீடும், இரண்டு ஓய்வூதியக்காரர்களும், ஒரு தொலைக்காட்சியும். ஒருநாள் ஏழு மணிக்குச் சாப்பாடு, மறுநாள் சீரியல் முடிந்து ஒன்பதரைக்கு. நாய் பற்றிக்கொள்ள அங்கே கயிறே இல்லை.

அதிலும் குட்டி எந்த இனம் என்று பாருங்கள். கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் தென் மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயலை விரட்டி ஓடுவதற்கென்றே வந்த வேட்டை நாய்கள். ராஜபாளையமும் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கத்துக் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போனவை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நான்கின் பெயரும் வந்தது. பெருமைதான். ஆனால் ஓடப் பிறந்த நாயை மூன்று சென்ட் வீட்டுக்குள் வைத்தால், காடு கொடுத்த வேலையை யாராவது ஈடுகட்ட வேண்டும். இல்லாவிட்டால் செருப்பும் சோபாவும் ஈடுகட்டும்.

இப்போது அப்பாவின் கட்சி. அவருக்கு ரஷ்யாவிலிருந்து ஒரு சாட்சி. இவான் பாவ்லவ், செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். சோறு வாய்க்கு வருமுன்பே, சோறு கொண்டு வருபவரின் காலடி ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார். இது நீங்கள் எல்லாரும் படித்ததுதான். பலருக்குத் தெரியாத இன்னொரு சோதனையும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நடந்தது. ஒரு நாய்க்கு மணியும் இல்லாமல் விளக்கும் இல்லாமல், சரியாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை உணவு கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு ஒருமுறை உணவைக் கொடுக்கவில்லை. ஆனாலும் அரைமணி நேரம் ஆகும் வேளையில் எச்சில் ஊறியது. நாயின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்று பொருள்.

இதற்கு ரஷ்யா வரை போக வேண்டியதில்லை, பிள்ளைகளே. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்த பிறகு நம் பள்ளிக்கூடங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். மதிய மணி அடிக்குமுன் தெரு நாய்கள் சமையற்கூடத்துப் பக்கம் வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்த்துவிட்டுப் போகும். மே மாத விடுமுறையில் முதல் வாரம் முழுவதும் வரும். அப்புறம் ஒவ்வொன்றாக நின்றுவிடும். அவற்றுக்கு வேளை தெரியும், விடுமுறைப் பட்டியல் தெரியாது.

ஆகவே அப்பா சொல்வதும் பாதி சரி. நாய் நேரத்தை அறியும். ஆனால் நிமிடம் பிசகாமல் பழக்கினால் வேறொரு தொல்லை முளைக்கும். தினமும் 6.15க்கே பால் வைத்தால் 6 மணியிலிருந்தே முனகல் தொடங்கும். ஒருநாள் பால்காரர் தாமதமானால் தெருவே விழித்துக்கொள்ளும். நாய்க்குத் தேவை 'எதற்குப் பின் எது' என்ற வரிசை. எழுந்ததும் வெளியே, வெளியே போய் வந்ததும் சாப்பாடு, சாப்பிட்டதும் மறுபடி வெளியே, பிறகு விளையாட்டு, பிறகு தூக்கம். வரிசை மாறக் கூடாது. நேரம் அரைமணி முன்பின் ஆகலாம். சுவரில் ஒட்டிய தாளில் மணியை அடித்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டால் போதும்.

இன்னும் இரண்டு வரலாற்றுச் செய்திகள் இந்தக் குட்டியின் வயதோடு சம்பந்தப்பட்டவை. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து இன நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1965இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். பிறந்து 3 வாரம் முதல் 12 வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ, யாரோடு பழகுகிறதோ, அதுவே அதன் உலகம் என்பது அவர்கள் கண்டதன் சாரம். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் பூட்டி வைத்தால் பின்னால் எல்லாவற்றுக்கும் மிரளும். ஆனால் 1978இல் பார்வோ என்ற புதிய வைரஸ் கிளம்பி, இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவிக் குட்டிகளைக் கொன்று குவித்தது. இன்றும் தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கினால் ஆபத்து. அம்மாவின் பிறந்த வீட்டு நாய்க் காலத்தில் இந்த நோய் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. தடுப்பூசித் தேதிகளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாள்காட்டியில் குறியுங்கள். அவை முடியும் வரை 7 மணி நடை வேண்டாம். அதற்குப் பதில் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். ஆட்டோ, மில் வண்டி, ஸ்கூல் பிள்ளைகள், குடை பிடித்தவர், தலையில் கூடை சுமந்தவர் எல்லாரையும் அது பார்க்கட்டும். தரையில் கால் படாமலே ஊரைக் கற்றுக்கொள்ளும்.

மற்றபடி இந்த வயதுக்கு என் சிபாரிசு இதுதான். சாப்பாடு நாளைக்கு மூன்று நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக; ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே மூலைக்குத் தூக்கிப் போங்கள். அந்த இடத்தில் இருந்தால் உடனே தட்டிக் கொடுங்கள். வீட்டுக்குள் இருந்துவிட்டால் அடிக்காதீர்கள், துடைத்துவிட்டு விடுங்கள். நாளில் 18 மணி நேரம் கூடத் தூங்கும், அதை எழுப்பிக் கொஞ்ச வேண்டாம். பெரிதானதும் நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலையும் அந்தி சாய்ந்த பிறகும்தான் நடை. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். முக்கியமாக, திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரியாணி எலும்பைப் போடாதீர்கள். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும்.

கடைசிச் சாட்சி ஜப்பானிலிருந்து. ஹாச்சிகோவின் கதையை நீங்கள் படமாகப் பார்த்திருப்பீர்கள். 1923 நவம்பரில் பிறந்த அகிதா இனக் குட்டி. 1924 தொடக்கத்தில் டோக்கியோவில் உயெனோ என்ற பேராசிரியர் வீட்டுக்கு வந்தது. அவரை எதிர்கொள்ள ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய்ப் பழகியது. 1925 மே மாதம் பேராசிரியர் பணியிடத்தில் திடீரென இறந்துபோனார். அதன் பிறகு 1935 மார்ச் 8ஆம் தேதி தான் சாகும் வரை ஹாச்சிகோ அந்த நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் இதை அன்பின் கதையாகச் சொல்கிறார்கள். சரிதான். கணக்கையும் பாருங்கள். குட்டிப் பருவத்தில் பழகிய ஒரு வழக்கம், ஒன்றரை ஆண்டுகூட நீடிக்காத ஒரு வழக்கம், கிட்டத்தட்ட பத்து ஆண்டு நின்றிருக்கிறது.

எழுபதைத் தொடும் இரண்டு பேர் நாய்க்குட்டி வளர்க்கும்போது இதைத்தான் யோசிக்க வேண்டும். குட்டி 12, 13 ஆண்டுகள் இருக்கும். நடுவில் கண் ஆபரேஷன் வரும், மதுரை ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க நேரும், பேரப்பிள்ளை பிரசவத்துக்குப் பெங்களூர் போக நேரும். வழக்கம் முழுவதும் அப்பா ஒருவரின் கையில் இருந்தால், அவர் இல்லாத அன்று நாய் சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அதனால் இன்றைக்கே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலைச் சோறு அம்மா, மாலைச் சோறு அப்பா. வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டுப் பையனோ வேலைக்கு வரும் அக்காவோ வைக்கட்டும். எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லட்டும், ஒரே சட்டியில் வைக்கட்டும். ஆள் மாறினாலும் வரிசை மாறாது என்று அதற்குத் தெரிந்துவிட்டால் போதும், தாங்கிக்கொள்ளும்.

தம்பி, உனக்கும் ஒன்று. வாங்கிக் கொடுத்தவன் நீ. பொங்கலுக்கு வரும்போது நடுராத்திரியில் எழுப்பி பிஸ்கட் ஊட்டி நாலு நாளில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போகாதே. சுவரில் இருக்கும் வரிசையை நீயும் மனப்பாடம் செய். ஒருநாள் அந்த நாயைப் பெங்களூருக்கு அழைத்துப் போக வேண்டியவன் நீயாக இருக்கலாம்.

என் தீர்ப்பு இவ்வளவுதான்: அப்பாவின் தாள் சுவரில் இருக்கட்டும், அலாரத்தை எடுத்துவிடுங்கள், அம்மாவும் அதில் கையெழுத்துப் போடட்டும்.

உங்கள் வீட்டில், உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் இருந்த நாய்களின் பெயரையும், அவற்றுக்கு எப்போது சோறு வைப்பார்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். கோவிவனுக்குக் கல் கிடைத்தது. நம் வீட்டு மணிகளுக்கும் டைகர்களுக்கும் இந்தப் பக்கமாவது கிடைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்
திண்டுக்கல்