அகிதாவின் உப்பு

ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் அகிதாவில் குளிர்காலக் காய்கறிக்கு உப்பைத்தான் நம்பினார்கள். வெயில் போதாததால் முள்ளங்கியை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகையில் வாட்டி, தவிட்டிலும் உப்பிலும் ஊறப்போடுவார்கள். 1950களில் அப்பகுதியில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட உப்பு 25 கிராமுக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் வரம்பு 5 கிராம். பக்கவாதமும் இரைப்பைப் புற்றுநோயும் அங்கே மிகுந்திருந்தன.

இது பரம்பரைக் கோளாறு என்று வாதிடலாம். ஆனால் ஹவாயில் குடியேறிய ஜப்பானியரின் பிள்ளைகளிடம் இரைப்பைப் புற்று குறைந்தது, குடல் புற்று கூடியது. பரம்பரை அதேதான், சாப்பாடுதான் மாறியிருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிதானே காரணம் என்பாரும் உண்டு. உண்மைதான், ஆயினும் தொற்றிய பலருக்குப் புற்று வருவதில்லை. மிகையான உப்பு இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கி, கிருமியின் கேட்டைக் கூட்டுகிறது. 1960களில் வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்தபின் உப்பிட்டுச் சேமிக்கும் தேவை தளர்ந்தது. இரைப்பைப் புற்றால் இறப்போர் விகிதமும் இறங்கியது. சுகாதார மேம்பாட்டுக்கும் பரிசோதனைகளுக்கும் அதில் பங்குண்டு. எனினும், உணவையும் நோயையும் ஆராய்பவர்கள் என்ன உண்கிறோம் என்பதோடு அதை எப்படிப் பதப்படுத்துகிறோம் என்பதையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.