நிழலைத் தேடிச் சென்ற அறிஞர்

கிரகண காலத்தில் விரதங் காத்து, தீர்த்தமாடி, கிரகணம் விட்டபின்னரே உண்பது நம் முன்னோர் வழக்கம். 1955ஆம் ஆண்டு ஜூன் 20ஆந் திகதி காலையில் நம் தீவின்மீது படர்ந்து சென்ற முழுச் சூரிய கிரகணத்தை முதியோர் சிலர் இன்றும் எடுத்துரைப்பர். அதன்பின் மூன்றாண்டு கழிந்து, பிறிதொரு கிரகணத்தின் நிழலைத் தேடிப் பசிபிக் பெருங்கடலுக்குச் சென்ற பௌதிக அறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் பெயர் ஹேர்பேட் பிறீட்மன்.

1916இல் நியூயோர்க்கின் புறூக்கிளின் பகுதியிற் பிறந்த பிறீட்மன், ஓவியங் கற்கவே முதலில் விரும்பினார். பின்னர் பௌதிகவியலில் ஈடுபட்டு, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1940இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்திற் சேர்ந்தார். யுத்தகாலத்தில் வானொலிக் கருவிகளுக்கு வேண்டிய படிகத் தகடுகளைச் சரியான கோணத்தில் வெட்டுதற்கு, எக்ஸ்-கதிரையும் கைகர் எண்ணியையும் கொண்டு அவர் வகுத்த முறை பெரிதும் பயன்பட்டது. அவ்வெண்ணியே அவர் வாழ்நாள் முழுவதற்கும் துணையாயிற்று.

அக்கருவியின் அமைப்பு மிக எளியது. வாயு நிரப்பிய ஒரு குழாய்; அதன் நடுவே ஒரு மெல்லிய கம்பி; இரண்டுக்குமிடையே உயர்ந்த மின்னழுத்தம். வெளியிலிருந்து ஒரு கதிர் புகுந்து வாயுவின் அணுவொன்றிலிருந்து இலத்திரனைப் பிரித்துவிட்டால், அது கம்பியை நோக்கிப் பாயும் வழியில் மேலும் பலவற்றைப் பிரிக்க, ஒரு மின்துடிப்பு உண்டாகும். அத்துடிப்புகளை எண்ணினால் கதிரின் அளவு தெரியும். பிறீட்மனின் திறமை வேறோரிடத்தில் உளது. வாயுவையும், கதிர் நுழையும் சாளரத்தின் பொருளையும் மாற்றி மாற்றி, பெரிலியத்துக்கு ஒரு வகை, இலிதியம் புளோரைட்டுக்கு இன்னொரு வகை என, ஒவ்வோர் எண்ணியும் தனக்குரிய அலைநீளத்தை மாத்திரம் காணும்படி செய்தார்.

1949ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு ஓகஸ்ட் 29இல் சோவியத் நாடு தன் முதல் அணுகுண்டை இரகசியமாக வெடித்தது. அதன் துகள் காற்றோடு கலந்து மழையாய் இறங்குமன்றோ! அலாஸ்காவின் கோடியாக் தீவிற் சேகரித்த மழைநீரைப் பிறீட்மனும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து, அணுப்பிளவின் எச்சங்களைக் கண்டனர். கூரைநீரைப் பாத்திரத்திற் பிடித்துவைக்கும் நமக்கு இம்முறை வியப்பளியாது. அதனால் அறியப்பட்ட செய்தியே வியப்பு. செப்ரெம்பர் 23இல் ஜனாதிபதி ட்றூமன் அவ்வெடிப்பை உலகுக்கு அறிவித்தார்.

ஆறு நாள் கழிந்து, அதே மாதம் 29இல், நியூ மெக்சிக்கோவின் வைற் சாண்ட்ஸ் பாலைநிலத்திலிருந்து ஒரு வீ-2 றொக்கெற் எழுந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் இலண்டன் மக்களைக் கொன்ற இனத்தது அது. இம்முறை அதன் தலையில் வெடிமருந்துக்குப் பதிலாகப் பிறீட்மனின் எண்ணிகள் இருந்தன. காற்றுமண்டலத்தின் அடர்ந்த பகுதியைக் கடந்ததும், சூரியனிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களை அவை எண்ணத் தொடங்கின. நிலத்தை ஒருபோதும் எட்டாத கதிர்கள் அவை. முந்திய ஆண்டிலேயே ஒளிப்படத் தகடுகளில் இதற்குக் குறி தென்பட்டிருந்ததெனினும், ஐயத்துக்கிடமின்றி அளந்து காட்டியது இதுவேயாம்.

ஆயின் ஒரு வினா எஞ்சியது. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை செல்சியசு வெப்பமுடையது. எக்ஸ்-கதிரை வீச இவ்வெப்பம் போதாது. சூரியனைச் சூழ்ந்த ஒளிமகுடமோ பத்து இலட்சம் பாகை வெப்பமுடையதென, சுவீடன் அறிஞர் எட்லென் 1940களின் தொடக்கத்திற் காட்டியிருந்தார். எனின், அக்கதிர்கள் மகுடத்திலிருந்துதான் வருகின்றனவா? இதனைத் தீர்க்கச் சந்திரனே உதவ வேண்டியிருந்தது. சூரியவட்டம் முற்றாக மறைந்தபோதும் கதிர் எஞ்சுமாயின், அது வட்டத்துக்கு வெளியேயுள்ள மகுடத்தினது என்பது தெளிவு.

1958 ஒக்ரோபர் 12இல், பசிபிக் கடலில் டேஞ்சர் தீவுகளுக்கு அண்மையில், பொயின்ற் டிபையன்ஸ் என்னும் கப்பலின் தளத்திலே றொக்கெற்றுகள் ஆயத்தமாக நின்றன. நிலத்திலென்றால் மறுநாளேனும் முயலலாம். கிரகணமோ எவருக்காகவும் காத்திராது. ஆடுங் கப்பலிலிருந்து, நிழல் கடக்கும் வேளையறிந்து, ஒன்றன்பின் ஒன்றாக அவை செலுத்தப்பட்டன. முழு மறைவின்போது, ஐதரசன் வீசும் புறவூதாக் கதிர் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. எக்ஸ்-கதிரோ பத்திலொரு பங்களவு எஞ்சி நின்றது. இராகு விழுங்கியும் விழுங்காது விட்ட பகுதி அதுவே எனலாம்.

1960 ஜூன் 22இல் அவர் எண்ணிகள் சோல்ராட் என்னும் சிறு செய்மதியில் ஏறின. சூரியனில் எக்ஸ்-கதிர் பெருகும் வேளையில், பூமியில் சிற்றலை வானொலி மங்குவதை அதன் அளவுகள் கொண்டு ஒப்பிட முடிந்தது. வானொலிப் பெட்டியருகே செய்தி கேட்கக் குந்தியிருந்தபோது ஒலி திடீரென மறைந்து எரிச்சலுற்ற முதியோர்க்கு, அதற்கு ஒரு காரணம் இப்போது விளங்கும்.

அச்செய்மதியினுள்ளே இன்னொரு கருவியும் இருந்தது. சோவியத் நாட்டு ராடர் அலைகளை ஒற்றறிவது அதன் வேலை. சூரிய ஆராய்ச்சியைப் பற்றி அன்றே வெளிப்படையாகப் பேசினர். ஒற்றறிந்ததை அமெரிக்க அரசு 1998இல்தான் வெளியிட்டது. பிறீட்மன் அப்போது எண்பதைக் கடந்திருந்தார். 2000ஆம் ஆண்டிற் காலமானார்.