அணைக்கட்டும் காற்றாலையும்: இலங்கையின் மின்வலு வரலாற்றில் வனவுயிர்கள்

இலங்கையின் மின்வலு வரலாற்றை எழுதுவோர் 1918 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டிலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்னும் தமது கருத்தைப் பொறியியற் சங்கத்தின்முன் கட்டுரையாகச் சமர்ப்பித்தார். வனவுயிர்ப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுவோரோ 1894 இலிருந்து தொடங்குவர். வேட்டையிலே பெருவிருப்புக் கொண்ட பிரித்தானியத் தோட்டத்துரைமார் கூடி, வேட்டை விலங்குகளைப் பாதுகாப்பதற்கெனச் சங்கமொன்றை நிறுவிய ஆண்டு அது. சுடுவதற்கு மிருகங்கள் எஞ்சியிருத்தல் வேண்டும் என்ற கவலையே அவர்களை ஒன்றுகூட்டியது. அச்சங்கத்தின் வழிவந்த வனவிலங்கு மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 130 ஆண்டுகள் கழிந்து, காற்றாலைத் திட்டமொன்றினை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் படியேறும் என அத்துரைமார் எண்ணியிருக்க நியாயமில்லை. இவ்விரு வரலாறுகளும் தனித்தனி நூல்களாகவே இதுவரை எழுதப்பட்டு வந்துள்ளன. அவை சந்தித்துக்கொண்ட இடங்களை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

விமலசுரேந்திரவின் கனவு நனவாவதற்கு 32 ஆண்டுகள் சென்றன. லக்சபான மின்நிலையம் 1950 இலேயே இயங்கத் தொடங்கிற்று. அத்திட்டத்தினால் வனவுயிர்களுக்கு நேர்ந்த இழப்பினைப் பற்றி எவரும் பேசியதாகத் தெரியவில்லை. இதனை அக்காலத்தோரின் அலட்சியம் என்று மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலைநாட்டுக் காடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெருமளவு அழிக்கப்பட்டுவிட்டது. அழிவதற்கு எஞ்சியிருந்தது சொற்பமாதலின் முரண்பாடும் எழவில்லை.

முரண்பாடு எழுந்தது உலர்வலயத்திலேயே. 1949 இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டம் கீழ்மாகாணத்துப் பெருங்காட்டினுள் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. அதன் நீரேந்து பிரதேசத்தைக் காக்கும் பொருட்டு 1954 இல் கல் ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. உடவளவையில் நீர்த்தேக்கம் அமைந்தபின் 1972 இல் அதனைச் சூழ்ந்து மற்றொரு பூங்கா தோன்றிற்று. யால, வில்பத்து ஆகியன 1938 இலே தேசியப் பூங்காக்களானமை வேறு வகை. அவை வேட்டைக்காரரின் காடுகளிலிருந்து பிறந்தவை. கல் ஓயாவும் உடவளவையும் அணைக்கட்டின் பிள்ளைகள். நீர்த்தேக்கம் வண்டல் படிந்து தூர்ந்துபோகாதிருக்க மேலே காடு வேண்டும். காடு நின்றால் யானையும் நிற்கும். இக்கணக்கிலே யானைக்குக் கிடைத்தது இரண்டாம் இடம் எனினும், ஓர் இடமேனும் கிடைத்தது.

இக்கணக்கு அதன் உச்சத்தை அடைந்தது மகாவலியில் எனலாம். ஐக்கிய நாடுகளின் உதவியுடன் 1968 இல் வரையப்பட்ட பெருந்திட்டம் 30 ஆண்டுகளில் நிறைவேற்றப்படுவதற்கென அமைந்தது. 1977 இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அதனை ஆறு ஆண்டுகளுள் முடிப்பதாகச் சூளுரைத்தது. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என வெளிநாடுகள் பொறுப்பேற்றன. 'புதுப்பிக்கத்தக்க சக்தி' என்ற தொடர் அன்று வழக்கில் இருக்கவில்லை. காலநிலை பற்றிய கவலையும் இருக்கவில்லை. 1973 இன் பின் எண்ணெய் விலை ஏறியமையும் அதனால் அந்நியச் செலாவணி கரைந்தமையுமே நீர்மின்னின் பக்கம் அரசினைத் தள்ளின.

அவசரத்தின் விலையைக் காடு செலுத்தியது. திட்டத்தின் சுற்றாடல் விளைவுகள் பற்றிய விரிவான மதிப்பீடு 1980 இலேயே, அமெரிக்க உதவியுடன், செய்து முடிக்கப்பட்டது. அதாவது திட்டத்தைத் துரிதப்படுத்தும் தீர்மானத்திற்குப் பின்னர். யானைகளின் வாழிடம் பெருமளவு இழக்கப்படும் என்பதையும், அதற்கு ஈடாக ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட பூங்காக்கள் வேண்டும் என்பதையும் அம்மதிப்பீடு எடுத்துரைத்தது. அதன்படி 1983 இல் மாதுறு ஓயா, 1984 இல் வஸ்கமுவையும் வெள்ளச் சமவெளியும், 1986 இல் சோமாவதி எனத் தேசியப் பூங்காக்கள் வரிசையாக எழுந்தன. இலங்கையின் வரலாற்றில் இத்துணைக் குறுகிய காலத்துள் இத்துணைப் பரப்பு வனவுயிர்களுக்கென ஒதுக்கப்பட்டதில்லை. நாட்டின் மிகப்பெரிய காடழிப்புக்களில் ஒன்றே மிகப்பெரிய காடொதுக்கலையும் ஈன்றது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

ஆயினும் ஈடு என்பது வரைபடத்தில் எளிது. யானை தான் நடந்த பாதையை மறப்பதில்லை. பூங்காவுக்குள் துரத்திவிடப்பட்ட யானைகள் முன்னர் தமதாயிருந்த, இப்போது நெல்வயலாகிவிட்ட நிலத்துக்கு மீண்டும் வந்தன. இன்றும் இலங்கை யானைகளிற் பெரும்பகுதி பூங்காக்களுக்கு வெளியிலேயே வாழ்கின்றது. 2019 இல் மாத்திரம் 400 இற்கு மேற்பட்ட யானைகளும் 100 இற்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். இம்மரணங்கள் அனைத்தையும் மகாவலியின் கணக்கில் எழுதுதல் நேர்மையன்று. ஆயின் அதன் குடியேற்ற வலயங்களை விலக்கிவிட்டு இவற்றை விளக்குதலும் இயலாது.

மனிதருள்ளும் ஈடு செய்யப்படாதோர் இருந்தனர். மாதுறு ஓயா பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர்கள் எல்லைக்கு வெளியே குடியேற்றப்பட்டனர். தம்பானைத் தலைவர் திசாஹாமி வெளியேற மறுத்து, 1998 இல் இறக்கும்வரை அந்நிலத்திலேயே வாழ்ந்தார். அணைக்காக இழந்த காட்டுக்கு ஈடாக ஒதுக்கப்பட்ட காட்டிலிருந்து, அக்காட்டைக் கெடுக்காதவர்களே வெளியேற்றப்பட்டனர். இதனை எந்த மதிப்பீட்டு அறிக்கையின் எப்பகுதியில் எழுதுவது?

மகாவலி தந்த மின்சாரம் பெரிது. 1990களின் நடுப்பகுதியில் நாட்டின் மின்சாரத்திற் பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்தே வந்தது. 1996 இன் வரட்சி அப்பெருமையைக் குலைத்தது. நாள்தோறும் பல மணிநேரம் நாடு இருளில் கிடந்தது. 2001 இலும் அவ்வாறே. நீரை நம்புதல் ஆகாது என்ற முடிவுக்கு வந்தோர் எண்ணெயையும் பின்னர் நிலக்கரியையும் நாடினர். நுரைச்சோலையின் முதல் அலகு 2011 இலும், 900 மெகாவாற்று முழுவதும் 2014 இலும் இயங்கலாயின. இதன்பின்னரே காலநிலைக் கொள்கை வந்து சேர்ந்தது. பரிஸ் உடன்பாட்டின் கீழ் 2021 இல் இலங்கை அளித்த வாக்குறுதி, 2030 அளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்பதாகும். 1995 இல் நின்ற இடத்துக்குத் திரும்பிச் செல்வதற்கே நாடு வாக்குறுதி அளித்தது என்று சொன்னால் மிகையாகாது. வேறுபாடு யாதெனில், அணைகட்டத்தக்க பேராறுகள் முடிந்துவிட்டன. எஞ்சியிருப்பன வெயிலும் காற்றும்.

காற்று உள்ள இடம் மன்னார். சோளகம் வைகாசி முதல் புரட்டாதி வரை அத்தீவின் தென்கரையை ஓயாது அறைந்துகொண்டிருக்கும். இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அங்கு நிறுவிய 'தம்பபவனி' காற்றாலைத் தொகுதி 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 30 காற்றாடிகள், மொத்தம் 103.5 மெகாவாற்று. ஆனால் மன்னார் காற்றுக்கு மாத்திரம் உரிய இடமன்று. மத்திய ஆசிய வலசைப்பாதை வழியாக வரும் பறவைகள் இந்தியாவைக் கடந்து இலங்கையை அடையும் வாயில்களுள் அது முதன்மையானது. பெருநிலத்துக் கரையிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் இராம்சார் சாசனத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரைகளும் வாத்தினங்களும் உள்ளான்களும் பல்லாயிரமாக அங்கு கூடுகின்றன.

மகாவலியின் கணக்கு இங்கு செல்லாது. காடொன்றை எடுத்துக்கொண்டு வேறொரு காட்டைக் கொடுக்கலாம். அது குறைபாடுடைய ஈடாயினும் ஈடே. வலசைப்பாதைக்கு மாற்றுப்பாதை கொடுக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இல்லை. ஆயின் மன்னாரின் இயற்கை ஒரு வாய்ப்பைத் தானாகவே தந்திருக்கிறது. வலசைப் பறவைகள் பெரும்பாலும் வாடையுடன் வந்து பங்குனி, சித்திரையில் திரும்புவன. காற்றாலைக்கு வேண்டிய பெருங்காற்றோ சோளகக் காற்று. எனவே பறவைக் காலத்தில் தேவையான நேரங்களில் காற்றாடிகளை நிறுத்திவைப்பதால் வரும் மின்னிழப்பு, ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் காற்றடிக்கும் நாட்டில் ஏற்படுவதிலும் குறைவாகவே இருக்கும். மணற்றிட்டுக்களிற் கோடையில் முட்டையிடும் ஆலாக்களுக்கு இவ்வாறுதல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அன்றியும், பேருடற் பறவைகளுக்குக் காற்றாடியின் இறகிலும் மின்கம்பியே பெரும் ஆபத்து. இந்தியாவில் கானமயிலின் அழிவைத் தடுக்கக் கம்பிகளை நிலத்தின்கீழ் பதிக்குமாறு அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2021 இல் கட்டளையிட்டது; அப்பரப்பு முழுவதற்கும் அது சாத்தியமன்று எனவும், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவதும் மக்களின் உரிமையே எனவும் 2024 இல் கூறி, அக்கட்டளையைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. தீர்ப்புக்கள் இரண்டும் ஒரே பறவையைப் பற்றியவை.

இலங்கையில் இத்தகைய தீர்ப்பொன்று கிடைக்கவில்லை. இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரில் 52 காற்றாடிகளுடன் 250 மெகாவாற்றுத் தொகுதி அமைக்க முன்வந்தபோது, சுற்றாடல் அமைப்புக்கள் 2024 இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டன. ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையும் கேள்விக்குள்ளாயிற்று. ஆட்சி மாறியது, விலை மீளாய்வுக்கு வந்தது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. பூநாரைகளுக்காகத் தொடங்கிய வழக்கினை முடித்துவைத்தது மின்கட்டணமே. 1988 இன் திருத்தச் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்ட சுற்றாடல் தாக்க மதிப்பீடு ஓர் இடம்பெயரும் உயிரை எவ்வாறு அளக்கவேண்டும் என்ற வினா அவ்வாறே நின்றுவிட்டது.

2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். அவர்கள் பேசியது பறவைகளைப் பற்றி மாத்திரமன்று. காற்றாடிகளுக்கென உயர்த்தப்பட்ட வீதிகளும் அத்திவாரங்களும் மழைநீர் வடிந்தோடும் வழியை மறித்து ஊரை வெள்ளத்தில் ஆழ்த்துவதாகவும், கரையோர மீன்பிடி பாதிக்கப்படுவதாகவும் குறைகூறினர். வேடர்களைப் போலவே அவர்களும் திட்டம் வரையப்பட்டபோது கேட்கப்படாதவர்கள். வேடர்களைப் போலன்றி, தமது குரலைத் தலைநகர்வரை கேட்கச் செய்தவர்கள். சனாதிபதி பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பர் இறுதியில், ஏற்கெனவே ஒப்பந்தமான திட்டங்களைத் தொடர்வதென்றும், இனிவருவனவற்றை மக்களின் சம்மதமின்றித் தொடங்குவதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது. தீவின் நிலத்தடி நீருக்கும் வெள்ளத்துக்கும் பறவைகளுக்குமாகச் சேர்த்து, எத்தனை காற்றாடிகளை மன்னார் தாங்கும் என்ற ஒரே கணக்கு அத்தீர்மானத்துடன் வெளியிடப்படவில்லை. வடக்கிலிருந்து வரும் பறவைகளின் முதற் கூட்டங்கள் வங்காலையில் இறங்கத் தொடங்குவதும் அந்நாட்களிலேயே.